எஃப்30 ஆணி கன்: ஒரு தச்சுப் பட்டறையின் மதிப்புரை

பிளைவுட் அலமாரி, டிவி யூனிட், சுவர் பேனல், விளிம்புகளை மறைக்கும் மரப் பீடிங் என்று உள்ளலங்கார வேலை நடக்கும் வீடுகளில் இப்போது சுத்தியல் சத்தத்தைவிட அதிகமாகக் கேட்பது காற்றழுத்த ஆணி கன்னின் சத்தம்தான். அவற்றில் பெரும்பாலானவை எஃப்30 என்ற வகையைச் சேர்ந்தவை. 18 கேஜ் பிராட் ஆணிகளை, அதாவது ஏறத்தாழ ஒரு மி.மீ. தடிமனும் 10 முதல் 30 மி.மீ. வரை நீளமும் உள்ள மெல்லிய ஆணிகளை, இது அடிக்கும். ஆணிகளை அடுக்கும் மேகசினில் 100 ஆணிகள் கொள்ளும். கருவியின் எடை ஒரு கிலோவை ஒட்டியிருக்கும். பல நிறுவனங்களின் பெயரிலும் பல நிறங்களிலும் விற்கப்பட்டாலும் உள்ளமைப்பு கிட்டத்தட்ட ஒன்றே என்பதால், இந்த மதிப்புரையை ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தைப் பற்றியதாகக் கொள்ளாமல் இந்த வகையைப் பற்றியதாகவே கொள்ள வேண்டுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொடுக்கும் விலைக்கு இதைப்போல் உழைக்கும் கருவி தச்சு வேலையில் வேறொன்று இல்லை. ஆனால் இதே எஃப்30, ஆணி வெளிவரும் மூக்கில் பாதுகாப்பு முனை உள்ளதாகவும் இல்லாததாகவும் இரண்டு விதமாக விற்கப்படுகிறது. இல்லாததை வாங்க வேண்டாம். அடுத்தது, இந்தக் கருவியின் ஆயுளும் அதைப் பிடித்திருப்பவரின் பாதுகாப்பும் கருவியின் உடலைவிட அதற்குள் வரும் காற்றையே அதிகம் சார்ந்திருக்கின்றன. கன்னுக்குப் பணம் செலவழித்துவிட்டு, காற்றழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், ஹோஸை இணைக்கும் கப்ளர், எண்ணெய் ஆகியவற்றில் மிச்சம் பிடிப்பவர்களுக்கு இது நீண்ட நாள் உழைக்காது.

முதலில் இது எதற்கு உதவும் என்பதைப் பார்க்கலாம். சுத்தியலால் பீடிங் அடிக்கும்போது ஒரு கை ஆணிக்கும் மறு கை சுத்தியலுக்கும் போய்விடுவதால், பீடிங்கை நகராமல் அழுத்திப் பிடிக்க இன்னொரு ஆள் தேவைப்படுகிறார். கன் இருந்தால் ஒருவரே பிடித்து ஒருவரே அடித்துவிடலாம்; பசை தடவிய பீடிங் வழுக்கி இடம் மாறுவதற்குள் ஆணி இறங்கிவிடும். ஆணியின் தலை மரப்பரப்புக்குச் சற்றுக் கீழே அமர்வதால், அந்தச் சிறு குழியைப் பட்டியால் அடைத்துத் தேய்த்துவிட்டால் பாலிஷ் போட்ட பிறகு கண்ணுக்குத் தெரிவதில்லை. சுத்தியலின் அடி பட்டு, மேலே ஒட்டிய மெல்லிய மரத்தோலான வெனீர் நசுங்குவதும், மெல்லிய ரீப்பர் சட்டம் பிளப்பதும் பெருமளவு குறைந்துவிடும்.

அதேசமயம் பிராட் ஆணியின் வேலை, பசை காயும்வரை இரண்டு பரப்புகளைச் சேர்த்துப் பிடித்திருப்பது மட்டுமே. சுமை தாங்கும் தட்டுக்கும், கீல் பொருத்தும் இடத்துக்கும் ஸ்க்ரூதான் வேண்டும். நீளத்தைத் தேர்ந்தெடுக்க எளிய கணக்கு ஒன்று உண்டு: மேலே பொருத்தும் பலகையின் தடிமனைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு நீளமுள்ள ஆணி வேண்டும், அப்போதுதான் அதில் மூன்றில் இரண்டு பங்கு அடிப்பலகைக்குள் இறங்கும். அலமாரியின் பின்புறம் அடிக்கும் 6 மி.மீ. பிளைவுட்டுக்கு 20 மி.மீ. ஆணியும், 10 மி.மீ. பீடிங்குக்கு 30 மி.மீ. ஆணியும் பொருந்தும். 18 மி.மீ. பிளைவுட்டை மற்றொரு பலகையின் விளிம்போடு சேர்க்க எஃப்30 போதாது; 30 மி.மீ. ஆணியை முழுதாக இறக்கினாலும் அடியில் 12 மி.மீ. மட்டுமே பிடிக்கும். அந்த வேலைக்கு 50 மி.மீ. ஆணி ஏற்கும் எஃப்50 வகையை வாங்க வேண்டும். விற்பனையாளர் எஃப்30-ஐயே காட்டி “எல்லா வேலைக்கும் போதும் சார்” என்று சொன்னால், உங்களுடைய வேலையில் எந்தத் தடிமன் பலகை அதிகம் வருகிறது என்பதை நீங்களே எண்ணிப் பார்த்து முடிவெடுங்கள்.

பராமரிப்பைப் புரிந்துகொள்ள உள்ளே நடப்பதைச் சிறிது அறிந்திருப்பது நல்லது. கன்னின் கைப்பிடி உள்ளீடற்றது. காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசரிலிருந்து ஹோஸ் வழியாக வரும் காற்று அங்கே நிறைந்து அழுத்தத்தோடு காத்திருக்கும். டிரிக்கரை இழுத்தவுடன் ஒரு சிறு வால்வு திறந்து, தலைப்பகுதியில் இருக்கும் பெரிய வால்வைப் பிடித்துவைத்திருந்த காற்றை வெளியேற்றும். பெரிய வால்வு விலகியதும் கைப்பிடியில் தேங்கியிருந்த காற்று முழுவதும் பிஸ்டனின் மீது பாயும். பிஸ்டனோடு இணைந்த டிரைவர் பிளேடு என்ற மெல்லிய எஃகுத் தகடு கீழே பாய்ந்து, வரிசையில் முதலாவதாக நிற்கும் ஆணியை மரத்துக்குள் தள்ளும். பாய்ந்து வரும் பிஸ்டனைச் சிலிண்டரின் அடியிலுள்ள பம்பர் என்ற தடித்த வளையம் தாங்கிக்கொள்ளும். டிரிக்கரை விட்டதும், சிலிண்டரைச் சுற்றியுள்ள அறையில் சேர்ந்திருக்கும் காற்று பிஸ்டனை மறுபடியும் மேலே தள்ளிவிடும். இத்தனையும் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் முடிந்துவிடும். இந்த அசைவுகள் அனைத்தையும் காற்று கசியாமல் காப்பவை ஓ-ரிங்குகள் என்ற சில ரப்பர் வளையங்கள் மட்டுமே. கன்னில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த ஓ-ரிங்குகள், பம்பர், டிரைவர் பிளேடு ஆகிய மூன்றில்தான் வரும்.

இனி பாதுகாப்பு முனையைப் பற்றி. முனை உள்ள கன்னில், மூக்கை மரத்தின் மீது அழுத்தி உள்ளே தள்ளினால்தான் டிரிக்கர் வேலை செய்யும். முனை இல்லாத கன்னில் டிரிக்கரை எங்கே இழுத்தாலும், காற்றில் பிடித்துக்கொண்டு இழுத்தாலும், ஆணி பாயும். ஏணியில் ஏறும்போது விரல் டிரிக்கரில் இருந்தால் போதும். பக்கத்தில் நிற்பவர் தோளில் இடித்தால் போதும். விலையில் இவ்விரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு நாள் கூலியைக்கூடத் தொடுவதில்லை என்பதுதான் வேதனையானது. முனை இருந்தும், அது பீடிங்கின் மீது தடம் பதிக்கிறது என்பதற்காகவோ, இடுக்கான மூலைக்குள் போவதில்லை என்பதற்காகவோ, அதைக் கம்பியால் பின்னால் இழுத்துக் கட்டிவிடும் பழக்கமும் வேலையிடங்களில் உண்டு. எந்தக் காரணத்துக்காகவும் அதை ஏற்க முடியாது. தடம் பதியாமலிருக்க மூக்கில் மாட்டும் ரப்பர் உறை கிடைக்கிறது. அது தொலைந்துவிட்டால், பீடிங்கின் மீது மெல்லிய அட்டைத் துண்டு ஒன்றை வைத்து அதன் மேல் அடித்துவிட்டு அட்டையைக் கிழித்தெடுத்துவிடலாம்.

முனை உள்ளவற்றிலும் இரண்டு விதம் உண்டு. வரிசைமுறை டிரிக்கர் எனப்படும் ஒன்றில், மூக்கை அழுத்திய பிறகு டிரிக்கரை இழுக்க வேண்டும். அடுத்த ஆணிக்கு இரண்டையும் விட்டுவிட்டு மறுபடியும் அதே வரிசையில் செய்ய வேண்டும். இன்னொன்றில், டிரிக்கரை இழுத்தபடியே வைத்துக்கொண்டு மூக்கை மரத்தில் இடம் மாற்றி மாற்றி முட்டினால் ஒவ்வொரு முட்டலுக்கும் ஓர் ஆணி இறங்கும். இரண்டாவது விதம் வேகமானது. ஆபத்தும் அதில்தான் அதிகம். அமெரிக்க அரசின் தொழிற்பாதுகாப்பு அமைப்புகளான ஓஷாவும் நியோஷும் இணைந்து 2011-ல் கட்டுமான ஒப்பந்ததாரர்களுக்காக வெளியிட்ட கையேடு, முட்டி அடிக்கும் விதத்தில் காயம்படும் வாய்ப்பு வரிசைமுறை டிரிக்கரைப்போல் இரு மடங்கு என்கிறது. அந்த நாட்டில் ஆணி கன் காயங்களுக்காக ஆண்டுக்குச் சுமார் 37,000 பேர் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வருவதாகவும், காயங்களில் பாதிக்கு மேல் கையிலும் விரல்களிலும் ஏற்படுவதாகவும் அதே கையேடு சொல்கிறது. அங்கே பேசப்படுபவை பெரும்பாலும் வீட்டின் மரச்சட்டங்களை அடிக்கும் பெரிய கன்கள் என்றாலும், டிரிக்கரின் இயக்கமும் மனிதக் கையின் சுபாவமும் எஃப்30-க்கும் மாறுவதில்லை. எனவே வரிசைமுறை டிரிக்கர் உள்ளதையே பரிந்துரைக்கிறேன்.

இதைக் கடையிலேயே சோதித்துவிடலாம். காற்று இணைப்பு உள்ள கடையில், தரையில் ஒரு தடித்த மரத்துண்டைப் போட்டு, கண்ணாடி அணிந்துகொண்டு, கன்னை மரத்தை நோக்கிச் சற்று மேலே பிடித்து, மூக்கு படாமல் டிரிக்கரை இழுத்துப் பாருங்கள். ஆணி பாயக் கூடாது. பிறகு மூக்கை அழுத்தி ஓர் ஆணி அடித்துவிட்டு, டிரிக்கரை விடாமலேயே இன்னோர் இடத்தில் மூக்கை அழுத்துங்கள்; இப்போதும் ஆணி பாய்ந்தால் அது முட்டி அடிக்கும் விதம். சென்னை பாரிமுனைப் பக்கத்துக் கருவிக் கடைகளில் கம்ப்ரசரை வைத்துக்கொண்டு இப்படிச் சோதித்துக் காட்டுபவர்கள் இருக்கிறார்கள். இணையத்தில் வாங்கும்போது இந்த வசதி இல்லை. படத்தில் மூக்கின் நுனியிலிருந்து டிரிக்கர்வரை ஓடும் கம்பி அல்லது தகடு தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பார்ப்பது ஒன்றுதான் வழி. அந்தத் தகடு தெரியவில்லை என்றால் அது முனை இல்லாத வடிவம்.

அடுத்தது, பலரும் கவனிக்காத ஒரு சிறிய பொருத்து: கப்ளர். ஹோஸையும் கன்னையும் சேர்க்கும் இந்த இணைப்பில் இரண்டு பாதிகள் உண்டு. ஒன்று, உள்ளே துளை மட்டும் உள்ள பிளக். மற்றொன்று, பிரித்தவுடன் தானாக அடைத்துக்கொள்ளும் வால்வு உள்ள கப்ளர். பிளக் கன்னிலும், அடைத்துக்கொள்ளும் கப்ளர் ஹோஸிலும் இருக்க வேண்டும். அப்போது ஹோஸைக் கழற்றிய கணத்திலேயே கன்னுக்குள் இருந்த காற்று ‘புஸ்’ என்று வெளியேறிவிடும். கன் வெறும் இரும்பாகிவிடும். கையிலிருந்த பொருத்துகளைக் கொண்டு மாற்றி மாட்டிவிட்டால், ஹோஸைக் கழற்றிய பிறகும் கைப்பிடிக்குள் காற்று அடைபட்டு நிற்கும். “ஹோஸ்தான் கழற்றியாச்சே” என்று நம்பி மூக்கைத் திறப்பவரின் விரலில் அந்தக் கடைசி ஆணி இறங்கும். புதிய கன்னோடு வரும் பொருத்து எது என்பதையும், ஹோஸைக் கழற்றும்போது அந்தக் காற்றுச் சத்தம் கன்னின் பக்கம் கேட்கிறதா என்பதையும் முதல் நாளே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

காற்றழுத்தம் பற்றிய பகுதி இன்னும் முக்கியமானது. எஃப்30 வகைக்குப் பொதுவாகக் குறிக்கப்படும் வேலை அழுத்தம் 60 முதல் 100 பிஎஸ்ஐ, அதாவது சுமார் 4 முதல் 7 பார். சிறிய பட்டறைக் கம்ப்ரசர்கள் பெரும்பாலும் 8 பார், அதாவது 116 பிஎஸ்ஐ வரை நிரப்பிவிட்டுத்தான் நிற்கும். இடையில் ரெகுலேட்டர் இல்லாமல் டேங்கிலிருந்து நேராக ஹோஸை இழுத்தால், கருவியின் உச்ச வரம்பைத் தாண்டிய காற்று ஒவ்வொரு முறையும் பிஸ்டனை அறையும். பம்பர் சீக்கிரம் நொறுங்கும். மெல்லிய பீடிங்கை ஆணி துளைத்துக்கொண்டு வெளியேறும். கையில் உதைப்பும் கூடும். மலிவான எஃப்30-ல் ஆணி இறங்கும் ஆழத்தை மாற்றும் திருகு இல்லை என்பதால், ஆழத்தைக் கட்டுப்படுத்த நம்மிடம் இருக்கும் ஒரே வழி ரெகுலேட்டர்தான். மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகைக்கும் சாதாரண பிளைவுட்டுக்கும் 60, 70 பிஎஸ்ஐ போதுமானதாக இருக்கும். தேக்குப் பீடிங்குக்கு 80, 90 வரை ஏற்ற வேண்டியிருக்கலாம். எந்த வேலையானாலும் அதே மரத்தின் கழிவுத் துண்டில் குறைந்த அழுத்தத்தில் தொடங்கி, தலை ஒரு மி.மீ. அளவுக்கு உள்ளே அமரும்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவதே முறை.

காற்றுக்குப் பதிலாக வேறு எந்த வாயுவையும் இணைக்கக் கூடாது. வெல்டிங்கும் மரவேலையும் ஒரே கூரையின் கீழ் நடக்கும் பட்டறைகளில் ஆக்சிஜன் சிலிண்டர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். கரன்ட் போய்க் கம்ப்ரசர் நின்றுவிட்டால் அதிலிருந்து ஒரு ஹோஸ் இழுக்கலாமே என்ற எண்ணம் யாருக்கும் வந்துவிடக் கூடாது. எண்ணெய் படிந்த கருவிக்குள் அழுத்தத்தோடு ஆக்சிஜன் புகுந்தால் கன் வெடிக்கும். இதை உதவியாளர்களுக்கும் பழகுநர்களுக்கும் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

கையை வைக்கும் இடம் பற்றிச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. பிராட் ஆணியின் நுனி ஊசிபோல் கூராக இராது. உளியைப்போல் ஒரு திசையில் சீவப்பட்டிருக்கும். மரத்தின் கடினமான ரேகையிலோ முடிச்சிலோ, பிளைவுட்டுக்குள் கிடக்கும் பழைய ஸ்க்ரூவிலோ பட்டால் அது நேராகப் போகாமல் வளைந்து பக்கவாட்டில் வெளியே வரும். கன்னைப் பிடித்திருப்பவரின் பார்வையில் அந்த வளைவு பெரும்பாலும் இடப்பக்கமோ வலப்பக்கமோதான் இருக்கும். ஆகவே ஒரு பலகையின் விளிம்புக்குள் ஆணி இறக்கும்போது, கைப்பிடியும் மேகசினும் அந்த விளிம்புக்குக் குறுக்காக இருக்கும்படி நிற்க வேண்டும். அப்படி நின்றால் ஆணி வளைந்தாலும் விளிம்பின் நீளவாக்கிலேயே, மரத்துக்குள்ளேயே வளையும். விளிம்போடு இணையாகக் கன்னைப் பிடித்தால், வளையும் ஆணி பலகையின் முகத்தைக் கிழித்துக்கொண்டு, அங்கே அழுத்திப் பிடித்திருக்கும் விரலுக்குள் போகும். அந்த அமெரிக்கக் கையேடு ஆணி இறங்கும் இடத்திலிருந்து 12 அங்குலம், அதாவது 30 செ.மீ. தள்ளிக் கை இருக்க வேண்டும் என்கிறது. சிறிய பீடிங் துண்டுகளில் அந்தத் தூரம் கிடைக்காது. அத்தகைய துண்டுகளைக் கையால் பிடிக்காமல் கிளாம்பால் பிடிப்பதையோ, இன்னொரு ரீப்பர் துண்டால் அழுத்திப் பிடிப்பதையோ பழக்கமாக்கிக்கொள்ளலாம்.

பேனலின் மறுபக்கம் என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். டிவி யூனிட்டின் பின்னால் எலக்ட்ரீஷியன் இழுத்துவிட்ட ஒயர், பேனலுக்குள் ஓடும் எல்இடி பட்டையின் ஒயர், மறுபுறம் நின்று தாங்கிப்பிடித்திருக்கும் உதவியாளரின் உள்ளங்கை ஆகிய மூன்றும் 30 மி.மீ. ஆணிக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன.

கண்ணாடி அணியாமல் கன்னைத் தொடக் கூடாது. பார்வைக் குறைக்காக அணியும் கண்ணாடி இதற்குப் போதாது. பக்கவாட்டிலும் மறைக்கும், தாக்குதலைத் தாங்கும் தரக்குறி உள்ள பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். ஆணி தெறிப்பது மட்டுமல்ல, ஆணிகளைப் பட்டையாக ஒட்டியிருக்கும் பசையின் துகள்களும், பின்பக்கம் வெளியேறும் காற்று கிளப்பும் மரத்தூளும் கண்ணுக்கே வரும். ஃபால்ஸ் சீலிங் பீடிங் அடிப்பவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே அடிப்பதால் அவருக்கு இது இன்னும் அவசியம். மூடிய அறையில் நாள் முழுக்க அடிப்பவர்கள் காது அடைப்பானும் அணிய வேண்டும். ஒவ்வொரு அடியின் சத்தமும் குறுகியதாக இருப்பதால் அதன் கடுமை உடனே தெரிவதில்லை.

வேலையிடத்துப் பழக்கங்களில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். டீ குடிக்கப் போகும்போதும், ஆணி நிரப்பும்போதும், கன்னை அடுத்தவரிடம் கொடுக்கும்போதும், ஏணியில் ஏறி இறங்கும்போதும் ஹோஸைக் கழற்றிவிட வேண்டும். நம் ஊரில் உள்ளலங்கார வேலை நடக்கும் வீடுகளில் பல நேரம் குடும்பமும் குடியிருக்கும். பள்ளிவிட்டு வரும் பிள்ளைக்கு ஹாலில் கிடக்கும் கன் ஒரு விளையாட்டுத் துப்பாக்கியாகத்தான் தெரியும். கப்ளரைக் கழற்றுவது ஒரு நொடி வேலை. மாலையில் சட்டையில் ஒட்டிய தூளை அதே ஹோஸின் காற்றால் ஊதிக்கொள்ளும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். அழுத்தக் காற்று தோலில் உள்ள சிறு காயத்தின் வழியாக உள்ளே புகவும், தூளைக் கண்ணுக்குள் செலுத்தவும் வல்லது.

இவ்வளவுக்கும் பிறகு விரலில் ஆணி இறங்கிவிட்டால், வெளியே தெரிவது ஒரு பொட்டு மட்டுமே என்பதால் அதை அலட்சியப்படுத்தும் ஆபத்து பெரிது. குறடால் பிடுங்கி எறிந்துவிட்டு மஞ்சள்தூள் வைத்துக் கட்டிக்கொண்டு வேலையைத் தொடரக் கூடாது. ஆணி எலும்பையோ மூட்டையோ நரம்பையோ தொட்டிருக்கலாம். அதன் மேல் பூசியிருந்த பசை உள்ளே தங்கியிருக்கலாம். ஆழமாக இறங்கிய ஆணியை அப்படியே விட்டு, கையை அசைக்காமல் மருத்துவமனைக்குப் போய் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, மருத்துவர் கையால் எடுப்பதே சரி. டெட்டனஸைத் தடுக்கும் டிடி ஊசியின் தேவையையும் அவர் முடிவு செய்வார்.

இனி பராமரிப்பு. முதல் எதிரி தண்ணீர். 7 பார் அழுத்தத்தில் காற்று தன் கொள்ளளவில் எட்டில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. அதிலிருந்த ஈரப்பதத்துக்கு இடம் போதாமல் டேங்கின் அடியில் நீராக இறங்குகிறது. சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களின் காற்றில் இது மிக அதிகம். மாலையில் டேங்கின் அடியிலுள்ள டிரெயின் காக்கைத் திறந்தால் துருவும் எண்ணெயும் கலந்த பழுப்பு நீர் பீறிட்டு வருவதைப் பார்க்கலாம். திறக்காவிட்டால் அந்த நீரே மறுநாள் ஹோஸ் வழியாகக் கன்னுக்குள் போய், மசகெண்ணெயைக் கழுவிக்கொண்டு, சிலிண்டரிலும் டிரைவர் பிளேடிலும் துருவை ஏற்றும்; டேங்கும் உள்ளிருந்து அரிக்கப்பட்டு மெலியும். வேலை முடிந்ததும் டேங்கைக் காலிசெய்து டிரெயினை இரவு முழுக்கத் திறந்தே விட்டுவிடுவது நல்லது. ரெகுலேட்டரோடு நீர் வடிகட்டும் கிண்ணம் சேர்ந்த வகையை வாங்கினால் மிச்ச ஈரத்தையும் அது பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது, எண்ணெய். நியூமேட்டிக் கருவி எண்ணெய் என்றே சிறு புட்டிகளில் விற்கிறார்கள். அதைத்தான் வாங்க வேண்டும். வண்டிக்கு ஊற்றும் இன்ஜின் ஆயிலில் கலந்துள்ள சேர்மானங்கள் ஓ-ரிங்கின் ரப்பரைக் கெடுக்கும். துரு நீக்கும் ஸ்ப்ரே இருக்கும் எண்ணெயையும் கரைத்துவிடும். காலையில் வேலை தொடங்கும் முன், கன்னைத் தலைகீழாகப் பிடித்துப் பிளக்கின் துளைக்குள் இரண்டு மூன்று சொட்டு விட வேண்டும். நாள் முழுக்க அடிப்பதாக இருந்தால் மதிய உணவுக்குப் பிறகு மறுபடியும். எண்ணெய் விட்டவுடன் நேராக வெனீர் பீடிங்கில் அடிக்கத் தொடங்கிவிடக் கூடாது. மிகுதியான எண்ணெய் காற்று வெளியேறும் துளை வழியாக நுண்துளிகளாகத் தெறித்து மரத்தில் படியும். அந்த இடத்தில் பாலிஷ் பிடிக்காமல் திட்டுத்திட்டாக நிற்கும். கழிவு மரத்தில் சில ஆணிகள் அடித்து, வெளியேறும் காற்றுக்கு முன்னால் ஒரு காகிதத்தைப் பிடித்துப் பார்த்து, கறை விழவில்லை என்று தெரிந்த பிறகு வேலையைத் தொடங்கலாம். தலைப்பகுதியிலுள்ள காற்றுத் திருப்பியை வேலைப்பரப்புக்கு எதிர்ப்பக்கம் திருப்பி வைப்பதும் உதவும்.

அதிர்வினால் தலைமூடியிலும் மூக்கிலும் உள்ள போல்ட்டுகள் தளரும். ஆலன் கீயால் வாரம் ஒருமுறையாவது இறுக்க வேண்டும். கன் சும்மா இருக்கும்போதே காற்று கசியும் சத்தம் கேட்டால், அது எந்த இடத்திலிருந்து வருகிறது என்பதே கோளாறைச் சொல்லிவிடும்: டிரிக்கர் அருகே என்றால் டிரிக்கர் வால்வின் ஓ-ரிங், தலைப்பக்கம் என்றால் தளர்ந்த போல்ட் அல்லது தலைவால்வின் ஓ-ரிங், மூக்குப் பக்கம் என்றால் பெரும்பாலும் பம்பர். அடிக்கும்போது இடையிடையே ஆணி வராமல் வெறும் அடி விழுந்தால், பிஸ்டன் முழுதாக மேலே திரும்பவில்லை என்று பொருள்; எண்ணெய் வறண்டிருக்கலாம், பம்பர் சிதைந்திருக்கலாம். ஆணியின் தலை முழுதாக இறங்காமல் நிற்பதும், இரண்டு ஆணிகள் சேர்ந்து வந்து அடைத்துக்கொள்வதும் டிரைவர் பிளேடின் நுனி மழுங்கியதற்கு அடையாளம். மேகசின் காலியான பிறகும் தொடர்ந்து அடிப்பதால்தான் பம்பரும் பிளேடும் சீக்கிரம் தேய்கின்றன. பக்கவாட்டுத் துளையில் மிச்சமுள்ள ஆணி தெரியும், அதை அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடைப்பு எடுக்கும் வரிசை மாறக் கூடாது. முதலில் ஹோஸ் கழற்றப்பட வேண்டும். அடுத்து மேகசினை இழுத்து எல்லா ஆணிகளையும் வெளியே எடுக்க வேண்டும். அதன் பிறகே மூக்கின் தகட்டைத் திறக்க வேண்டும். மலிவான எஃப்30-ல் இந்தத் தகடு ஆலன் போல்ட்டுகளால் மூடப்பட்டிருக்கும் என்பது எனக்கு உண்மையான குறையாகவே படுகிறது. அடைப்பு விழும்போதெல்லாம் போல்ட்டுகளைக் கழற்றி மாட்ட வேண்டியிருப்பதால், பொறுமையிழந்தவர்கள் ஸ்க்ரூ டிரைவரை மூக்குக்குள் விட்டு நெம்பி பிளேடைக் கெடுத்துவிடுகிறார்கள். கையால் நெம்பித் திறக்கும் தாழ் உள்ள வகை சற்று விலை கூடுதல்; அடிக்கடி பயன்படுத்துபவர்களுக்கு அந்தக் கூடுதல் தொகை நிச்சயம் தகும்.

ஆணிகளைப் பொறுத்தவரை, பெட்டிக்கு 5,000 என்ற கணக்கில் வரும் மலிவுப் பட்டைகளில் பசை சரியில்லாமல் கையில் எடுத்தவுடன் உதிர்பவை உண்டு. உதிர்ந்தவற்றைப் பொறுக்கி மேகசினில் அடுக்கினால் அடைப்பு நிச்சயம். மழைக்காலத்தில் திறந்த பெட்டியை அப்படியே விட்டால் ஆணிகள் துருப்பிடிக்கும். வெளிர் நிறப் பீடிங்கில் அந்தத் துரு பட்டியையும் தாண்டிக் கறையாகத் தெரியும். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் நீள வாரியாகப் பிரித்து வைத்தால் இரண்டு தொல்லைகளும் குறையும்.

வாங்கும் கடையில் ஓ-ரிங் தொகுதி, பம்பர், பிஸ்டனோடு கூடிய டிரைவர் பிளேடு ஆகிய மூன்றும் அந்தக் கன்னுக்கே பொருந்தும்படி தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். எஃப்30 வகையில் அளவுகள் பெரும்பாலும் ஒத்துப்போனாலும் எல்லாவற்றிலும் ஒத்துப்போவதில்லை. எனவே கன் வாங்கும் அன்றே ஒரு தொகுதியைச் சேர்த்து வாங்கி, அதே பெட்டியில் போட்டு வைத்துவிடுவது நல்லது.